வேண்டுமென்றே தோற்ற பரீட்சை

ரோட்டுக்குத் தார் போடுகிற வேலை என்பதால் எங்கள் பாண்ட்கோச் ஊரில் அவனுக்கு 'தார் மைரிக்' என்று பெயர். என் தங்கை நெரிஸைக் கட்டியவன். அதற்கு முன்பிருந்தே என்னோடு ரக்பி ஆடியவன். இரு அணியும் குனிந்து முட்டித் தள்ளுகிற ஸ்க்ரமில் முன்வரிசை நடுவே தலையைக் கொடுத்து முட்டுவதும், பந்து வெளியே போனால் நடக்கும் லைன்-அவுட்டில் கோட்டுக்கு வெளியே நின்று பந்தை எறிவதும் அவன் வேலை. எறிகிற பந்தை எகிறிப் பிடிப்பது என் வேலை.

எங்கள் லீக் ஒரு இரண்டுங்கெட்டான் லீக். ஆடினால் கையில் ஏதோ கொஞ்சம் வரும், பெட்ரோலுக்கும் பீருக்கும் சரியாய்ப் போகும். திங்கட்கிழமை விடிந்தால் நான் தபால் பையைத் தூக்க வேண்டும், அவன் தார் லாரியில் ஏற வேண்டும். எங்களுக்கு மேலே இருக்கும் முழுநேரக் கிளப்புக்கு நாங்கள் வெறும் நாற்றங்கால். அவர்கள் வளர்க்கும் பையன்களுக்கு ஆட்டம் வேண்டுமென்றால் வியாழக்கிழமை எங்கள் கோச்சுக்குப் போன் வரும். சனிக்கிழமை அந்தப் பையன் இறங்குவான், எங்களில் ஒருத்தன் பெஞ்சில் உட்காருவான். மைரிக் வாயை மூடிக்கொண்டு எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறான். அந்தப் போன் எப்போதாவது மறுபக்கமும் திரும்பும். அவர்கள் ஆட்களுக்கு அடிபட்டால் இங்கிருந்து ஒருவனைக் கூப்பிடுவார்கள். ஒரே ஒரு தடவை அவர்கள் கிளப் சட்டையைப் போட்டு இறங்கிவிட வேண்டும் என்பதுதான் மைரிக்கின் ஒரே ஆசை. முப்பதைத் தாண்டியும் அது விடவில்லை.

ஆகஸ்டில் சீசன் தொடங்குமுன் எல்லோருக்கும் தலைப் பரீட்சை உண்டு. எங்கள் கிளப் டாக்டர் கேட்ரின் சில வார்த்தைகளைச் சொல்வார், திருப்பிச் சொல்ல வேண்டும். எண்களைத் தலைகீழாய்ச் சொல்ல வேண்டும், ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். அந்த மார்க்கை வைத்துக்கொள்வார்கள். பிற்பாடு ஆட்டத்தில் தலையில் அடிபட்டால் அதே பரீட்சை. மார்க் குறைந்தால் வெளியே.

"அப்ப ஆகஸ்ட்லயே மக்கா இருந்துட்டா?" என்றான் மைரிக்.

"நீ புதுசா வேற இருக்கணுமா மாப்ளே?" என்றேன்.

உடை மாற்றும் அறையே சிரித்தது. அவன் உள்ளே போய், கேட்ட வார்த்தைகளில் பாதியை முழுங்கி, ஒற்றைக்காலில் தள்ளாடி, வெளியே வந்து கண்ணடித்தான். அப்படிச் செய்தவன் அவன் ஒருவன் மட்டுமில்லை. எங்கள் லீக்கில் அதைத் தப்பு என்று யாரும் நினைத்ததில்லை. அது சாமர்த்தியம்.

பிப்ரவரியில், சேறும் மழையுமாய் ஒரு ஆட்டம். எதிராளி ஒருவனின் முழங்கால் மைரிக்கின் காதோரம் இடித்தது. டாக்டர் கேட்ரின் அவனை உள்ளே கூட்டிப் போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி ஓடி வந்தான்.

"என்ன சொன்னாங்க?"

"ஆகஸ்டவிட நல்லா இருக்கேனாம் மச்சான்!"

எங்கள் லைன்-அவுட் சங்கேதமெல்லாம் கடைத்தெருக் கடைப் பெயர்கள். 'கசாப்புக் கடை' என்றால் முன்னால் எனக்கு, 'சலூன்' என்றால் கடைசி ஆளுக்கு. நான் 'கசாப்புக் கடை' என்று கத்தினேன். அவன் கடைசி ஆளுக்கு எறிந்தான். அடுத்த தடவையும் அதேதான். அப்புறம்தான் உறைத்தது: பல வருஷத்துக்கு முன் நாங்கள் விட்டுவிட்ட பழைய கணக்கில் எறிகிறான். கூட்டம் அவனைத் திட்டியது.

செவ்வாய்க்கிழமை அந்தப் போன் வந்தது. முழுநேரக் கிளப்பில் இரண்டு பேருக்கு அடி, சனிக்கிழமைக்கு மைரிக் வேண்டும். நெரிஸ் ஆட்டிறைச்சிச் சூப் வைத்து எல்லோரையும் அழைத்தாள். கிளப் முழுக்க அவன் முதுகில் தட்டியது. அவன் அழுதுவிட்டான்.

வியாழக்கிழமை எங்கள் பயிற்சி முடிந்து வெளியே வந்தோம். அவன் கார் நிறுத்துமிடம் முழுக்கச் சுற்றினான்.

"என்னடா தேடுற?"

"என் வண்டிய எங்க நிறுத்துனேன்னு தெரியல மச்சான்."

என் வண்டியில்தான் வந்திருந்தான். வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்தான்.

வெள்ளிக்கிழமை காலை தபால் சட்டையோடே டாக்டரிடம் போய் நின்றேன்.

"மைரிக் பரீட்சை பாஸ் ஆயிட்டாரே, எல்வின்," என்றார் கேட்ரின்.

"ஆகஸ்ட்ல வேணும்னே தோத்தான் டாக்டர்."

அவர் ஆகஸ்ட் மார்க் தாளை எடுத்துப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார். சனிக்கிழமை வேறு ஊர்க்காரன் ஒருவன் அந்தச் சட்டையைப் போட்டு இறங்கினான்.

டாக்டரிடம் சொன்னது நான்தான் என்று தெரிந்து அன்றைக்கே மைரிக் என் வாசலுக்கு வந்தான். உள்ளே வரவில்லை.

"உன்ன அவங்க ஒருநாளும் கூப்பிடல. அதான உனக்கு எரிச்சல்?"

"மாப்ளே, உன் தலைக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா..."

"என் தலை, என் இஷ்டம். உன்ன மச்சான்னு கூப்பிட்ட வாயக் கழுவணும். இனிமே என் வீட்டுப் படி ஏறாத."

எரிச்சல் எனக்கு இல்லவே இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அதற்காகச் சொல்லவில்லை. இதை அவனிடம் சொல்ல எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. கடைத்தெருவில் என்னைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போனான். அவன் மகளுக்குக் கோயிலில் பெயர் வைத்தபோது எனக்கு அழைப்பில்லை. நெரிஸ் தனியாக வந்து குழந்தையைக் காட்டிவிட்டுப் போனாள்.

நான் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்திருந்தேன். எங்கே? அவன் கோபித்துக்கொண்டு மலைக்கு அந்தப்பக்கம் ஒரு சின்ன கிராம டீமுக்குப் போனான். காசு கிடையாது, டாக்டர் கிடையாது, பரீட்சை கிடையாது. தண்ணீர் பாட்டிலோடு ஒருத்தர் ஓடி வந்து, "எத்தன வெரலு?" என்று கேட்டுவிட்டுப் போவார். நாற்பதை நெருங்கும்வரை அங்கேயே தலையைக் கொடுத்து முட்டினான். நான் பேசாமல் இருந்திருந்தால் ஒரு சனிக்கிழமை ஆடி, ஆசை தீர்ந்து, நெரிஸ் சொன்னால் கேட்டு நிறுத்தியிருப்பானோ என்று இன்றும் குழம்புகிறேன். யாரிடம் கேட்பது?

போன வாரம் மத்தியானம் கதவு தட்டும் சத்தம். திறந்தால் மைரிக். தோளில் பை, முகம் நிறையச் சிரிப்பு.

"என்ன மச்சான், இன்னும் கிளம்பலையா? பிராக்டிஸுக்கு நேரமாச்சுல்ல?"

என் முட்டி ஓய்ந்து நான் ஆட்டத்தை விட்டு வெகுகாலம் ஆகிறது. அவனுக்குப் பின்னால் தெருவில் நெரிஸ் மூச்சிரைக்க ஓடி வந்தாள். அடுப்படிச் செருப்போடு வந்திருந்தாள்.

"சொல்லாம கெளம்பி வந்துட்டாருண்ணா. ஒண்ணும் ஞாபகம் இல்ல. உங்க சண்டைகூட..." சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

இத்தனை வருஷம் நான் ஏங்கிய வார்த்தை அந்த 'மச்சான்'. அவன் மன்னித்துச் சொல்வான் என்று காத்திருந்தேன். அவனோ மறந்துபோய்ச் சொல்கிறான். இப்படிக் கிடைப்பதற்கு, சாகும்வரை அவன் என்னோடு பேசாமலே இருந்திருக்கலாம்.

அவன் குனிந்து என் முகத்தைப் பார்த்தான்.

"என்ன மச்சான், கண்ணு கலங்குது? யாராச்சும் போயிட்டாங்களா?"

"இல்ல மாப்ளே. நீ வீட்டுக்கு வந்திருக்க, அதான். உள்ள வா."

அவன் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான்.