மிதந்த மணிகள்

பக்கத்து வீட்டில் கருவாடு வறுக்கிறார்கள். உங்களுக்கு அது பசியைக் கிளப்பலாம். எனக்கோ, கோவில்பட்டியில் வேலை பார்த்த சின்ன ஆஸ்பத்திரியின் மருந்தறையும், மேல்தட்டில் தூங்கிய பழுப்புக் குப்பியும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. எர்காட் எக்ஸ்ட்ராக்ட். மூடியைத் திருகினால் இதே வாடை. பிரசவ உதிரத்தை நிறுத்த ஊசி வந்த பிறகு அதை யாரும் தொடுவதில்லை; டாக்டருடைய அப்பா காலத்துச் சரக்கு. துடைப்பது மட்டும் என் வேலை.

ஒரு மத்தியானம் துடைத்த கை துடைக்க, வாய் சும்மா இருக்கவில்லை. இடைசெவல் பக்கம் கம்பு விதைக்கிற சம்சாரி, சீனியம்மா மதினி, இருமல் மருந்துக்கு நின்றிருந்தாள். அவள் வீட்டுக்குத் தலைப்பிரசவத்துக்கு மகள் வந்திருந்தாள். எனக்கு பார்மசி டிப்ளமா முடித்த மிதப்பு. சீமைத் தானியக் கதிரில் பூசணம் பிடித்துக் கறுத்த மணியின் சாறு இது, கர்ப்பப்பையை இறுக்கி உதிரத்தை நிறுத்தும் என்று அளந்தேன். உங்கள் கம்பில் தேன் வடிந்து கறுக்குமே, அது மாதிரிதான் என்றும் சொன்னேன்.

விதைப்புக்கு முன் கம்பை உப்புத் தண்ணீரில் போடுவார்கள். நல்லது அடியில் தங்கும், கறுப்பு மிதக்கும். மிதந்ததை அரித்துக் குழியில் புதைப்பார்கள். அந்த வருஷம் அவள் புதைக்கவில்லை.

“சீனியம்மா மகளுக்கு வலி கண்டிருச்சுக்கா. கறுப்பு மணியக் காய்ச்சுதா” என்று அவள் ஊர்க்காரி வந்து சொன்னபோது மழை பெய்து வெறித்திருந்தது. பிள்ளை வெளியே வந்த பிறகு கொடுக்கிற மருந்து என்றோ, கம்பின் கறுப்பு மருந்தே அல்ல, விஷம் என்றோ நான் சொல்லியிருக்கவில்லையே.

சைக்கிளை எடுத்தேன். தார்ச்சாலை முடிந்ததும் கரிசல் சக்கரத்தைக் கவ்வியது. குச்சியால் நோண்டி நோண்டிப் பார்த்துவிட்டு, சைக்கிளையும் செருப்பையும் மண்ணுக்கே கொடுத்துவிட்டு ஓடினேன். அவள் டம்ளரில் ஆற்றிக்கொண்டிருந்தாள். தட்டிவிட்டேன். மூச்சு வாங்க, மீதியைச் சொன்னேன். டிராக்டரில் மகளை ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். பொழுது சாயப் பேத்தி பிறந்தாள்.

இப்போது அந்தக் காடெல்லாம் மக்காச்சோளம். ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் செல்போன் கடை. குப்பி எந்தக் குப்பையில் உடைந்ததோ. அன்று ஆஸ்பத்திரி வாசலில், மிச்ச மணிகளை முடிந்த துணியை என் கையில் திணித்து மதினி சொன்னாள்:

“இதப் புதைச்சிரு தாயி. இனிமே சொன்னா முழுசாச் சொல்லு, இல்லன்னா வாய மூடிட்டுப் பொட்டலத்தக் கட்டு.” இரண்டடி நடந்து திரும்பினாள். “செருப்பில்லாமப் போற. முள்ளு கெடக்கும், பாத்துப் போ.”