ரேவதிக்குச் சொன்ன வீடு

இந்த வீடு என்னுடையது இல்லை. என்னுடையது என்று சொல்லிச் சொல்லியே ஒரு பெண்ணை ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன். எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டேன். இனி நீங்கள் என்னைத் திட்டிக்கொண்டே கேட்கலாம்.

எனக்குப் பிள்ளை இல்லை. பென்னலூரில் இந்த வீடு என் பேரில் இருந்தது. கணவர் போனபோது கொள்ளி வைத்தவன் என் அண்ணன் மகன் குமரன். அந்த நன்றியில் மனம் உருகிப்போய், காரியம் முடிந்த கையோடு பத்திரம் எழுதுபவரிடம் அவனை நானே அழைத்துப்போனேன்.

"உயிலா எழுதுங்கம்மா. மனசு மாறினா மாத்திக்கலாம்" என்றார் அவர்.

எனக்கா மனம் மாறும்! வீறாப்பாகச் செட்டில்மென்டே எழுதிக்கொடுத்தேன். சாகும்வரை நான் குடியிருக்கலாம். ஆனால் வீடு அன்றைக்கே அவனுடையதாகிவிட்டது; நான் நினைத்தாலும் திரும்ப வாங்க முடியாது.

அதன் பிறகு குமரன் பொங்கலுக்கு வந்து போவான். அவ்வளவுதான். அவனைக் குறை சொல்லவில்லை... படப்பையில் அவனுக்கும் குடும்பம் இருக்கிறது.

ரேவதி என் தங்கை மகள். சுங்குவார்சத்திரத்துப் பக்கம் கம்பெனி வேலை. ஹாஸ்டலில் இருந்தவளை என்னோடு வந்து இரு என்று நான்தான் கூப்பிட்டேன். இடுப்பு பிடித்து நான் படுத்துக் கிடந்தபோது, ஷிப்ட் முடிந்து வந்து எனக்குத் தலை வாரிவிட்டாள், புடவை துவைத்தாள். இவளும் கல்யாணமாகிப் போய்விட்டால்?... அந்தப் பயத்தில்தான் ஒரு நாள் வாயைத் திறந்தேன்.

"எனக்கப்புறம் இந்த வூடு உனக்குத்தான்டி."

அவள் கேட்கவே இல்லை! நானாகச் சொன்னேன். பிறகு ஓசூரிலிருந்து நல்ல இடம் ஒன்று வந்தது. "பெரிம்மாவ வுட்டுட்டு நான் எங்கயும் போவ மாட்டேன்" என்று தட்டிக்கழித்துவிட்டாள். நான் வருத்தப்படுவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன். உள்ளே நிம்மதி. கேவலமாக இருக்கிறதா? எனக்கும்தான்.

போன மாதம் சாப்பிடும்போது கேட்டாள்.

"மேல ஒரு ரூமு போட்டுக்கட்டா பெரிம்மா? சம்பளத்து மேல லோன் தராங்க. ஓ.டி. பாத்துக்கினே அடைச்சிடுவேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாமே! நாக்கு நுனி வரை வந்தது... சொன்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாளே! "உன் இஷ்டம்டி" என்றேன்.

நேற்று செங்கல் வந்து இறங்கியது. குமரனுக்குப் போன் செய்து, மேல் அறையையாவது அவளுக்கு விட்டுக்கொடுடா என்று கெஞ்சினேன்.

"கட்டட்டும் அத்தை, யாரு வாணான்னது? யாருக்குன்னு அப்புறம் பாத்துக்கலாம். அவகிட்ட இப்ப ஒண்ணும் சொல்லிக்கினு இருக்காத."

தன்மையாகத்தான் சொன்னான். அவனைத் தட்டிக்கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

இதோ, வாசலில் ரேவதி செங்கலுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கிறாள். அங்கிருந்தே கேட்கிறாள்.

"பெரிம்மா, ஜன்னல எந்தப் பக்கம் வெக்கலாம்? உன் வூடு, நீதான் சொல்லணும்."

"கெழக்கால வைடி" என்றேன்.