வண்டியில் ஏறாத அங்காளம்மாள்

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்குப் போகும் முதல் பஸ்ஸில் அங்காளம்மாள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பாள். கூடை இருக்காது, மீன் இருக்காது. ஆனாலும் கண்டக்டர் அவளைப் பார்த்ததும், "பின்னால போம்மா, பின்னால போ" என்பார். அவளும் மூக்கைச் சுளிப்பவர்களுக்கு வழிவிட்டுக்கொண்டு போய்விடுவாள். பாதி வழியில் பச்சை நிறப் பிக்கப் வேன் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு பஸ்ஸை முந்தும். பின்தொட்டியில் ஐஸ் போட்ட மடவையும் இறாலும். முன்னால் டிரைவர் குப்பனோடு மூன்று பெண்கள் இடித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த மீனில் கால் பங்கு அங்காளம்மாளுடையது. வண்டியிலும் கால் பங்கு அவளுடையது. வேன் கண்ணை விட்டு மறையும்வரை அவள் எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பொன்னேரி தாலுகா ஆபீசில் எனக்கு வேலை. பல வருஷமாக அதே பஸ். ஒரு நாள் கேட்டேன்: "சொந்த வண்டி இருக்கும்போது பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் ஏம்மா காசைக் கொட்டறே?"

"எனுக்கு வாந்தி வரும் சாரு."

பஸ்ஸில் வராத வாந்தி வேனில் மட்டும் எப்படி வரும் என்று நான் கேட்கவில்லை. அவளிடம் இரண்டாவது கேள்வி கேட்க முடியாது. ஐம்பது வயதிருக்கும். ஒட்டிய கன்னம், அதில் எப்போதும் ஒதுக்கிய புகையிலை. சிரித்து நான் பார்த்ததில்லை. வேனுக்குப் பக்கத்தில் நிற்க நேர்ந்தால் வலது கையை முந்தானையில் சுற்றிக்கொள்வாள். கூடை தூக்கிவிட வேண்டுமென்றாலும் இடது கைதான். கையில் ஏதாவது நோவோ என்று நினைத்திருந்தேன். வேனை விட்டுவிட்டு ஒரு நாள் பஸ்ஸில் வந்த செங்கம்மாள் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. செங்கம்மாள் வண்டியின் இன்னொரு கால் பங்குக்காரி. எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள்.

அறுபத்தெட்டாம் வருஷம் வரை இவர்கள் நாலு பேரின் மீனும் வாடகை வேனில்தான் பட்டணம் போயிற்று. முதல் நடை பெரிய வியாபாரிகளுக்கு. இரண்டாவது நடையில் இவர்கள் மீன் போய்ச் சேரும்போது மார்க்கெட் கலைந்திருக்கும், மீனும் குழைந்திருக்கும். கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வருவார்கள். சீட்டுப் பிடித்து, கம்மலைக் கழற்றி, பழைய பிக்கப் ஒன்று வாங்குவது என்று முடிவு செய்தார்கள். பார்த்து வாங்கும் பொறுப்பை அங்காளம்மாளிடம் விட்டார்கள்.

அவளுக்கு இன்ஜின் தெரியாது. கியர் எது பிரேக் எது என்று இன்றுவரை தெரியாது. ஆனால் மனுஷரைப் பார்க்கத் தெரியும். முதலில் வண்டியைச் சுற்றிக்கூட வரமாட்டாள். நேரே சொந்தக்காரன் முன்னால் போய் நின்று, "இன்னாத்துக்கு விக்கற?" என்பாள். பெண்ணுக்குக் கல்யாணம் என்பான் ஒருவன். புது வண்டி வாங்கப்போகிறேன் என்பான் இன்னொருவன். அவள் பதிலைக் கேட்பதில்லை, கண்ணைப் பார்ப்பாள். "பொய் சொல்றவன் கண்ணு டயருக்குப் பூடும்டி" என்பது அவள் கண்டுபிடிப்பு.

மீஞ்சூரில் ஒரு ஷெட், எண்ணூர் போகிற வழியில் ஒரு ஷெட், வள்ளூரில் ஒரு காண்டிராக்டர் வீட்டு வாசல் என்று அலைந்தார்கள். இவர்கள் கைக்கு எட்டுகிற வண்டியெல்லாம் உப்பளத்தில் உழைத்தது, இல்லாவிட்டால் கருவாடு சுமந்தது. மேலே பெயிண்ட் பளபளக்கும். அங்காளம்மாள் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு அடியில் படுத்துவிடுவாள். தார் பூசிய இடமாகப் பார்த்துக் கட்டைவிரலால் குத்துவாள். இரும்பு அப்பளம்போல நொறுங்கி அவள் முகத்தில் கொட்டும். "தாரு பூசின எடத்துலதான் நோவு கீது" என்று துப்பிக்கொண்டே எழுந்து வருவாள். ஷெட்காரர்களுக்கு அவளைக் கண்டாலே எரிந்தது.

உப்புக்காற்றே படாத வண்டி வேண்டுமென்றால் மேற்கே போ என்று யாரோ சொன்னார்கள். செங்கம்மாளையும் குப்பனையும் கூட்டிக்கொண்டு பஸ் மாறி மாறி ஆர்.கே.பேட்டைக்கு அப்பால் ஒரு கிராமத்துக்குப் போனாள். வண்டி அரசப்பன் என்ற நெல் விவசாயியுடையது. வண்டியின் நெற்றியில் 'பொன்னியம்மன் துணை' என்று எழுதியிருந்தது. அடியில் படுத்துப் பார்த்தாள். பொட்டுத் தார் இல்லை. குத்திய விரல்தான் வலித்தது.

"இன்னாத்துக்கு விக்கற நைனா?"

"கெணறு வத்திப்போச்சும்மா. ஆழம் எடுக்கணும். டப்பு இல்ல."

அவன் கண் அவளை விட்டு அசையவில்லை. அத்தனை நாள் சுற்றியதில் நிஜம் சொன்ன ஒரே ஆள் அவன்தான். விலையும் இவர்களுக்கு ஏற்றதாக இருந்தது. இது கை நழுவினால் இன்னொரு வருஷம் இரண்டாவது நடைதான்.

அப்போதுதான் அரசப்பன் மனைவி குணசுந்தரி வந்து கேட்டாள்: "இன்னா ஏத்துவீங்க அக்கா?"

ஆடித் திருவிழாவில் பொன்னியம்மன் ஊர்வலம் வருவது அந்த வண்டித் தொட்டியில்தானாம். "மீனு, கறி ஏத்தற ஆளுன்னா மன்னிச்சிக்கங்க. அம்மா குந்தின எடம். பட்டினி கெடந்தாலும் கெடப்பேன், தர மாட்டேன்."

"நெல்லு" என்றாள் அங்காளம்மாள்.

இந்த இடத்தில் செங்கம்மாள் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் காதருகே குனிந்தாள். "நா வாயப் பொத்திக்கினேன் சாரு. அவ கண்ணு எங்க போச்சு தெரிமா? டயருக்கு."

குணசுந்தரிக்கு மனுஷரின் கண்ணைப் படிக்கத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது கற்பூரம். பானெட்டின்மேல் ஒரு வெற்றிலையை வைத்து, கற்பூரத்தை ஏற்றி, "இத்த அணைச்சிச் சத்தியம் பண்ணிட்டு ஓட்டிக்கினு போங்க அக்கா" என்றாள். அங்காளம்மாள் எரியும் கற்பூரத்தின்மேல் வலது உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். குணசுந்தரி அவள் நெற்றியில் குங்குமம் வைத்து, மடி நிறைய வேர்க்கடலை கொட்டி, "அம்மா ஒங்ககூடவே வரா" என்று சொல்லிவிட்டு முந்தானையால் வண்டியைத் துடைத்துத் துடைத்து அழுதாளாம். வரும் வழியில் வேர்க்கடலையைச் செங்கம்மாளும் குப்பனும் தின்றார்கள். திருவள்ளூர் வந்ததும் அங்காளம்மாள் வாந்தி வருகிறது என்று இறங்கினாள். இறங்கியவள் இன்னும் ஏறவில்லை.

வண்டி ராசியான வண்டி. ஒரு நாளும் நடுவழியில் நின்றதில்லை. மார்க்கெட்டில் முதல் மீன் இவர்களுடையது. செங்கம்மாள் வீட்டுக்கு ஓடு போட்டாள். அங்காளம்மாளும் தன் பங்கை வாங்கி முடிந்துகொள்கிறாள். படுத்த படுக்கையாகப் புருஷன் கிடக்கும் வீட்டில் அதை வேண்டாமென்று சொல்ல அவள் சந்நியாசி இல்லை. ஏறமாட்டாள், தொடமாட்டாள், அவ்வளவுதான்.

எனக்குச் சில நாள் அவள்மேல் கோபமே வரும். ஒரே ஒரு பொய். ஆபீசில் நான் மத்தியானத்துக்குள் எத்தனையோ சொல்லிவிடுகிறேன், சோறு இறங்காமலா போகிறது? செங்கம்மாளும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். "நம்ம அம்மனே கருவாடு துன்றவதானே. ஆடிக்கூழுக்குக் கருவாட்டுக் கொயம்பு வெக்காம உடறோமா? அவளுக்கு மீனு இன்னா தீட்டா?"

"அம்மன் துன்னும்" என்றாள் அங்காளம்மாள். "நான் அம்மன் கிட்டயா சொன்னேன்? அந்தப் பொம்பள கிட்ட சொன்னேன்."

ஐஸ் உருகிய தண்ணீரும் மீன் தண்ணீரும் பலகை இடுக்கு வழியாக இறங்கிக்கொண்டே இருந்தன. குடிக்கவே நல்ல தண்ணீர் இல்லாத ஊரில் வண்டியின் அடியை யார் கழுவுவார்கள்? ஐந்து வருஷத்தில் மேற்கத்தி வண்டியும் கடலோர வண்டியாகிவிட்டது. இனித் தாங்காது, லோடோடு ஒரு நாள் உட்கார்ந்துவிடும் என்று குப்பன் சொன்னான். உட்காருவதற்குள் விற்றால்தான் வேறு வண்டி. இல்லாவிட்டால் மறுபடியும் வாடகை வேன், இரண்டாவது நடை, குழைந்த மீன். செங்கம்மாள் தூக்கம் கெட்டுக் கிடந்தாள். குப்பன் தகரம் வைத்து அடைத்து, தார் பூசி, மறுபடி அதே பச்சைப் பெயிண்ட் அடித்தான்.

போன மாதம் எங்கள் ஆபீசுக்கு எதிரே புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தியிருந்தார்கள். டீ குடிக்க வந்த நானும் நின்றேன். வாங்க வந்தவன் சின்னராசு, ஊத்துக்கோட்டைப் பக்கத்து இளைஞன். செங்கல் ஏற்றுவதற்காம். மனைவியும் கூட வந்திருந்தாள். அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. தங்கம் எங்கே போயிற்று என்று கேட்க வேண்டியதில்லை. அங்காளம்மாள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே செங்கம்மாள் அவள் காதில் சொல்லியிருந்தாள்: "பேஜாரு பண்ணாத. நீ வாயத் தொறக்காம நின்னா போதும்."

"மீன் வண்டின்னு தெரியும். அடி கெட்டியா கீதாண்ணே?" என்று கேட்டான் சின்னராசு.

"கல்லாட்டம் கீது. ஒரு சொட்டு எறங்கல" என்றான் குப்பன். செங்கம்மாள் சத்தமாகத் தலையாட்டினாள் என்றே சொல்லலாம்.

சின்னராசு வண்டியைச் சுற்றி வந்தான். கதவைத் திறந்து மூடினான். அவன் மனைவி 'பொன்னியம்மன் துணை' என்ற எழுத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு அவன் கண் தள்ளி நின்ற அங்காளம்மாள்மேல் விழுந்தது. அத்தனை பேரில் பேசாமல் நின்றவள் அவள் ஒருத்திதான்.

"நீ சொல்லும்மா. இன்னாத்துக்கு விக்கறீங்க? சத்தியம்லாம் வேணாம். வாயால சொல்லு, போதும்."

செங்கம்மாள் அவளையே பார்த்தாள். குப்பன் பீடியை எறிந்தான். அங்காளம்மாள் செங்கம்மாள் சொன்னதை மீறவில்லை, வாயைத் திறக்கவில்லை. முந்தானையில் சுற்றியிருந்த வலது கையை வெளியே எடுத்தாள். புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, ஐந்து வருஷத்தில் முதல்முறையாக அந்த வண்டியின் அடியில் போய்ப் படுத்தாள். உள்ளே எதுவோ நொறுங்கும் சத்தம் கேட்டது. எழுந்து வந்தபோது முகமெல்லாம் செம்பொடி. மூடிய கையைச் சின்னராசுவின் முன்னால் நீட்டி, கை நிறைய இருந்த துருவை விரித்துக் காட்டினாள்.