மூசிக் கரையில் நாலு செடி

என் அப்பாவுக்கு ரசாயன ஆய்வகத்தில் வேலை. செடிக்குப் பெயர் சொல்வது ஞாயிற்றுக்கிழமை வியாதி. திருநெல்வேலியிலிருந்து தார்நாகாவுக்கு வந்து ஆறு வருடமாகியும் அவருக்குத் தெலுங்கு மட்டும் ஏறவே இல்லை. அதற்குத்தான் நான் இருந்தேனே! காய்கறிக்காரர், கேஸ்காரர், யார் பேசினாலும் பத்து வயதுக்காரி நான்தான் தமிழில் சொல்ல வேண்டும். அதில் எனக்குத் தலைக்கனம் வேறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. செடி தேடி ஸ்கூட்டரில் மூசி ஆற்றங்கரைக்குப் போனோம். இடித்துப் போட்ட செங்கல்லுக்கு நடுவே, வெள்ளைப் பூவோடு நாலு புதர்களை நான்தான் முதலில் பார்த்தேன். அப்பா இதழை எண்ணினார், முள்ளைத் தடவினார், இலையை மூக்குக்கண்ணாடிக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

“காட்டு ரோசாவேதான்! அஞ்சே இதழு, பாத்தியா? எம் மவளுக்குக் கழுகுக் கண்ணுல்லா!”

அதற்கு முன் அவர் என்னை அப்படிக் கொஞ்சியதே கிடையாது.

சாக்கை விரித்துத் தோண்டப் போனபோது ஒரு பெண் ஓடி வந்தாள். “வத்து பாபு, வத்து! இக்கட மா இல்லு!” வேண்டாமாம், இங்கேதான் அவள் வீடாம். மாற்று வீடு கொடுக்க, நாளைக்கு ஆட்கள் வந்து பெயர் எழுதிக்கொண்டு போவார்களாம். வாசலில் அவள் நட்ட இந்த நாலு செடிதான் சாட்சியாம்.

“என்ன சொல்லுதா அவ?”

சுற்றிப் பார்த்தேன். வீடு எங்கே இருக்கிறது? உளறுகிறாள் என்று நினைத்தேன். எனக்குப் பரிசு வேண்டும். அப்பா இன்னொரு தடவை கொஞ்ச வேண்டும்.

“எடுத்துக்கிடச் சொல்லுதாங்கப்பா.”

வாய் கூசவில்லை. அப்பா அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவளும் கும்பிட்டாள். அப்பா நாலையும் வேரோடு எடுத்தார். அவள் என் பக்கம் திரும்பி, “செப்பு பாப்பா, நீயாவது சொல்லு” என்று தெலுங்கில் கெஞ்சிக்கொண்டே இருந்தாள். நான் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

பரிசு கிடைத்தது. மூன்று செடிகள் பட்டுப்போயின. மிஞ்சிய ஒன்று இப்போது நாங்கள் குடிமாறி வந்த சைனிக்புரி வீட்டு வாசலில் பூத்துக் குலுங்குகிறது. வருகிறவர்களிடம் எல்லாம், “ஆத்தங்கரையில ஒரு புண்ணியவதி மனசாரக் குடுத்தது” என்று அப்பா சொல்வார். நான் காபி தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

அவளுக்கு மாற்று வீடு கிடைத்ததா, தெரியாது. அன்று அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது. இடித்த பிறகும் ஒருத்திக்கு அது வீடுதான் என்பது மட்டும் புரியவில்லை.