மடியில் விழுந்த மூக்கு

வேங்கிக்காலில் ஒரு மாடி அறையில் எட்டுப் பேர் நாள் முழுக்க மாட்டு மூக்கைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி ஜீனத். நாற்பத்தொரு வயது. ஜெராக்ஸ் கடையில் பத்து வருஷம் நின்று கால் வீங்கியவள், உட்கார்ந்து பார்க்கும் வேலை என்றதும் வந்து சேர்ந்துவிட்டாள்.

மூக்கை வைத்து மாட்டை அடையாளம் காண, ஏதோ ஒரு கம்பெனி கம்ப்யூட்டரைப் பழக்கிக்கொண்டிருந்தது. படத்தில் மூக்கின் மேல் புள்ளி வைக்க வேண்டும். அது இடது ஓரத்திலிருந்து எவ்வளவு, மேலிருந்து எவ்வளவு என்று இரண்டு எண்கள் பதிவாகும். அவ்வளவுதான்.

அவளுக்கு வந்த நானூற்றுப் பன்னிரண்டு படங்களிலும் மாடுகள் படுக்கையாகக் கிடந்தன. எடுத்தவர் போனைச் சாய்த்துப் பிடித்திருந்தார். தலையைச் சாய்த்துச் சாய்த்து ஜீனத்துக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. திருப்பும் பட்டன் ஒன்று கண்ணில் பட, படத்தை நிமிர்த்தி வைத்து மூன்றே நாளில் முடித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை சூப்பர்வைசர் வளவன் கூப்பிட்டான்.

"அக்கா, உங்க மாட்டுக்கெல்லாம் மூக்கு எங்க இருக்குது?"

"மூஞ்சியிலதான் சார்."

அவன் திரையைக் காட்டினான். புள்ளி மடியில் இருந்தது. அடுத்த படத்திலும் மடி. அறையே சிரித்தது. ஜீனத்துக்கும் சிரிப்பு வந்தது.

"நீங்க திருப்பின படத்துல புள்ளி வெச்சிருக்கீங்க. கம்பெனிகிட்ட இருக்கறது திருப்பாத படம். எல்லாத்தையும் மறுபடி வெச்சிடுங்கக்கா."

மறுபடி வைக்காமல் சரிசெய்ய வழி உண்டா என்று பார்க்க, சாயங்காலம் வீட்டில் ஒரு தாளில் மாடு வரைந்தாள். ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்த கணவர் நசீருதீன் எட்டிப் பார்த்தார்.

"ஆடா?"

"மாடுங்க!"

"கொம்பு கம்மியா இருக்குதே."

மூக்கில் ஊக்கால் ஒரு ஓட்டை போட்டாள். தாளைப் படுக்கையாகத் திருப்பினாள், நிமிர்த்தினாள், ஸ்கேலால் அளந்தாள். பிறகு கத்தினாள்.

"ஓட்டை மூக்குலயேதான் இருக்குதுங்க! எந்த ஓரத்துலேர்ந்து அளக்கறோம்ங்கறதுதான் மாறுது."

நிமிர்ந்த படத்தில் மேலிருந்து அளந்தது, படுத்த படத்தில் இடமிருந்து அளந்ததாகிறது. நிமிர்ந்த படத்தில் இடமிருந்து அளந்ததை அதன் மொத்த அகலத்திலிருந்து கழித்தால், படுத்த படத்தில் மேலிருந்து அளந்தது கிடைக்கிறது. மறுநாள் எக்செல்லில் அதையே போட்டாள். கம்ப்யூட்டர் படத்தை நுண்புள்ளிகளாகத்தான் அளக்கும்; நிமிர்ந்த படத்தின் அகலம் மூவாயிரம் புள்ளி.

வளவன் பின்னால் வந்து நின்றான். "கம்ப்யூட்டர் சைபர்லேர்ந்து எண்ணும்கா. 2999லேர்ந்து கழிங்க."

"ஒரு புள்ளிக்கு மாடு கோச்சுக்குமா?"

"கம்பெனி கோச்சுக்கும்."

மாற்றினாள். நானூற்றுப் பன்னிரண்டு வரியும் ஒரே நொடியில் நிரம்பின. இருவரும் ஒவ்வொரு படமாகத் தட்டிப் பார்த்தார்கள். மூக்கு, மூக்கு, மூக்கு. திடீரென்று ஒரு மாட்டுக்கு வாலடியில் மூக்கு.

"என்னக்கா இது?"

ஜீனத் உற்றுப் பார்த்தாள். "இது எதிர்ப்பக்கமா படுத்திருக்குது. இதை மட்டும் இடப்பக்கம் திருப்பியிருக்கேன்."

அப்படி மூன்று மாடுகள் அகப்பட்டன. மூன்றுக்கும் கையாலேயே மூக்கை மாற்றி வைத்தாள். வளவன் கோப்பைக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டு, அந்தக் கணக்கை மற்ற ஏழு பேருக்கும் திங்கட்கிழமை சொல்லித்தரச் சொன்னான்.

"நானா?" என்றாள் ஜீனத். பெருமையில் காது சூடானது. "அப்ப போர்டுல மாடு வரைய வேற யாரையாவது ஏற்பாடு பண்ணுங்க."