ஓடை தாண்ட உயர்த்திய ஜீப்

கோபுரக்காரி என்றுதான் அவளைக் கூப்பிடுவார்கள். மலைமேல் இருக்கும் செல்போன் கோபுரத்தில் எது கெட்டாலும் பழைய ஜீப்பில் ஏறிப்போய்ச் சரிசெய்வது அவள் வேலை. ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவள். அவளைக் கட்டியவனோ தையல்காரன், உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டான். இரண்டு பேரையும் கலந்து மறுபடி பிரித்திருக்கலாம் என்று மாமியார் சிரிப்பாள்.

போன மழையில் ஓடையைக் கடக்கும்போது ஜீப்பின் அடிவயிறு பாறையில் உட்கார்ந்துவிட்டது. சக்கரங்கள் தண்ணீரில் வெறுமனே சுற்றின. அவளும் துணைக்கு வந்த கணவனும் கூரைமேல் ஏறிக்கொண்டார்கள். வெள்ளம் கதவு வரை வந்தது. ஒருவழியாக டிராக்டர் வந்து இழுத்தது. வீடு திரும்பியதும் அவன் விட்ட இடத்திலிருந்து தைக்க உட்கார்ந்தான். அவளுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தாலும் பாறை, கண்ணை மூடினாலும் பாறை. ஜீப்பை உயர்த்தியே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

கொழுந்தன் வெல்டர். உயரமான ஸ்பிரிங், அதற்கேற்ற ஷாக் அப்சார்பர், பெரிய டயர்கள் எல்லாம் வந்து இறங்கின. வாசலில் ஜீப்பைத் தாங்கிகள்மேல் நிறுத்தி, துருப்பிடித்த போல்ட்டுகளோடு அவளும் கொழுந்தனும் மல்லுக்கட்டினார்கள். ஒன்று அசைவேனா என்றது. ஸ்பானரின் மேல் ஏறிக் குதித்துத்தான் அதைக் கழற்றினாள்.

வேலை முடிந்தபோது ஜீப் ஒட்டகம்போல் நின்றது. அப்போதே கிளம்பப் பார்த்தாள். பட்டன் தைத்துக்கொண்டிருந்த கணவன் படியில் இருந்தபடியே குனிந்து பார்த்தான்.

"அந்த ரப்பர் குழாய் ஏன் இப்படி விறைப்பா இருக்கு?"

பிரேக் குழாய். வண்டி உயர்ந்ததில் நீளம் போதாமல் இழுபட்டுக் கிடந்தது. பள்ளத்தில் சக்கரம் தொங்கினால் அறுந்துவிடும். கொழுந்தன் தலையைச் சொறிந்தான்.

"வேற குழாய் வர்ற வரைக்கும் வண்டிய எடுக்காதீங்க அண்ணி."

அந்தக் காத்திருப்பில் வீடே படாதபாடு பட்டது. எஞ்சினைப் போடுவாள், அணைப்பாள், ஜீப்பைச் சுற்றி வருவாள். சமையலறைச் சாமான்களை இடம் மாற்றி வைத்ததில் மாமியாருக்கு உப்பு எங்கே என்று தெரியவில்லை.

குழாய் வந்து மாட்டியதும் மலைக்குப் புறப்பட்டாள். யாரும் கூப்பிடாமலே கணவன் பக்கத்தில் ஏறிக்கொண்டான். ஓடைப் பாறை அடியில் படவே இல்லை. அந்தச் சந்தோஷத்தில், மேலே இருந்த சரிவான வளைவை வழக்கமான வேகத்தில் எடுத்தாள். உயர்ந்த வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்தது. பிரேக்கை மிதித்தாள். கனத்த டயர்கள் சட்டென்று நிற்காமல் பள்ளத்தின் விளிம்புவரை போய் நின்றன.

அவள் கைபிரேக்கை இழுத்துப் பிடித்தாள்.

"பயமா இருக்குங்களா?" என்று அவள் கேட்டாள்.

"உனக்கு?"

"எனக்கு இருக்கு."

இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து அவன் அதைக் கேட்டதில்லை. மெல்ல இறங்கிப் பின்னால் போய்க் கைகாட்டினான். அவள் அங்குலம் அங்குலமாக வண்டியைப் பின்னுக்கு எடுத்தாள்.

கோபுரத்தைச் சரிசெய்துவிட்டுத் திரும்பும்போது, அந்த வளைவுக்கு முன்பே அவன் இறங்கிக்கொண்டான். பாதையைப் பார்த்துப் பார்த்துக் காலை வைத்து முன்னால் நடந்தான். அவள் பிரேக்கில் கால் வைத்தபடி பின்தொடர்ந்தாள். அந்த நடைவேகம் பொறுக்காமல் அவள் விரல்கள் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தன. ஹாரனை மட்டும் அவள் தொடவில்லை.