தண்ணீர்த் தாங்கியில் வாசித்த மின்னஞ்சல்

கணவன் எழுதாத மின்னஞ்சலை அவன் எழுதியதாகச் சொல்லி ஒரு பெண்ணுக்கு வாசித்துக் காட்டியவன் நான். பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவன், ஐவேளை தொழுகிறவன். தெரிந்தேதான் செய்தேன்.

இன்று காலை மருமகள் கட்டாரிலிருக்கும் என் மகனோடு கைப்பேசியில் முகம் பார்த்துக் கதைத்துக்கொண்டு சமைத்தாள். "சொதி பொங்குது, அடுப்பக் குறைங்க!" என்று அவன் அங்கிருந்து கத்துகிறான். அந்த மணத்தோடு என் பழைய மடிக்கணினி ஞாபகம் வந்துவிட்டது.

சுனாமிக்குப் பிறகு கல்முனைக்கு வந்த தொண்டர் ஒருவர் விட்டுப்போனது. உள்ளே லினக்ஸ் இயங்குதளம். கைப்பேசியைக் கம்பியால் கொளுவி, கறுப்புத் திரையில் கட்டளை அடித்தால் இணையம் வரும், வந்தால். சிக்னல் கிடைப்பதோ எங்கள் தண்ணீர்த் தாங்கியின் உச்சியில்தான். அதனால் ஊரார் சொல்லும் மின்னஞ்சல்களைக் கீழேயே எழுதி அனுப்பும் பெட்டியில் சேர்த்துக்கொண்டு, சாரத்தை மடித்துக் கட்டி ஏணியில் ஏறுவேன். இணைப்புக் கிடைத்ததும் நான் போடும் கூச்சலில் பக்கத்து வீட்டுக் கோழிகள் கூரையேறும்.

ஜெஸீமா அடுத்த வீதிக்காரி. வீட்டைக் கடல் கொண்டுபோனபின் மாமியோடு கொட்டிலில் இருந்தாள். கணவன் சவூதிப் பாலைவனத்தில் லொறி ஓட்டினார். நகரத்துக்கு வரும்போது மட்டும் மின்னஞ்சல் பார்ப்பார். கடற்கரையில் வீடிருந்த வளவை விட்டுவிட்டு, ஊருக்குள்ளே அரசாங்கம் தரும் வீட்டை எடுக்கவா என்று கேட்டு எழுதச் சொன்னாள். மாமிக்கு விருப்பமில்லை. வியாழக்கிழமை கையெழுத்து வைக்காவிட்டால் வீடு வேறாளுக்கு.

"அனுப்பிட்டீங்களா சேர்?"

"ஓம் புள்ள, அப்பவே போயிட்டு."

போகவில்லை. யுத்த காலம், கைப்பேசிக் கோபுரம் செத்துக் கிடந்தது. கணினி விண்ணன் என்று ஊரில் எடுத்த பெயரை விட மனமில்லை. புதன்கிழமை அவள் ஏணியடியில் நிற்க, மேலேயிருந்து நானே இட்டுக்கட்டி வாசித்தேன்: "ஜெஸீமா, உனக்குக் கடலைக் கண்டால் பயம் என்று தெரியும். உன்னுடைய விருப்பம் என்னவோ, அதுவே எனக்கும்."

"இன்னொருக்கா வாசிங்க சேர்."

வாசித்தேன். அவள் கையெழுத்து வைத்தாள்.

அடுத்த கிழமை கோபுரம் உயிர்த்தது. பெட்டியில் கிடந்ததெல்லாம் மடமடவென்று பறந்தது, அவளுடைய கேள்வியும்தான். பதில் வந்தது: "வளவ விடாத. நான் வாற வரைக்கும் பொறு."

அன்றே போய் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்துவிட்டாள்.

"எனக்கு அண்டைக்கே தெரியும் சேர். அந்த மனிசன் ஒருநாளும் என்ட விருப்பத்தக் கேட்டதில்ல. மாமிட வாய அடைக்க அது தேவப்பட்டிச்சி."

அவளுக்குத் தெரிந்திருந்தால் மட்டும் பொய் பொய்யில்லாமல் போகுமா? அவள் கணவருக்கும் எழுதி ஒப்புக்கொண்டேன். பதிலே இல்லை. யுத்தம் முடிந்தபின் விடுமுறையில் வந்தார். வாசலில் ஆளைக் கண்டதும் என் கண் ஏணியைத் தேடியது.

"நான் எழுதின எண்டு வாசிச்சீங்களே சேர், அத எனக்கும் ஒருக்கா வாசிங்க."

மனப்பாடமாகச் சொன்னேன். கேட்டார். போய்விட்டார்.

சவூதிக்குத் திரும்பிப் போனபின் அவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ஏணியடியில் நின்ற ஜெஸீமாவுக்குக் கடைசி வரியை மேலேயிருந்து வாசித்தேன்: "உன்ட விருப்பம் என்ன?"

"பொய் சொல்றீங்க சேர்!" என்று கத்திக்கொண்டு ஜெஸீமா கடகடவென்று ஏணியில் ஏறி வந்து, திரையைத் தானே பார்த்தாள். கீழே கோழிகள் பறந்தன. அதற்குப் பிறகு வந்ததையெல்லாம் அவளே ஏறிவந்துதான் வாசித்தாள்.

அந்தத் தாங்கியை இடித்துவிட்டார்கள்.